வேட்டைத் துப்பாக்கியின் பின்னுதைப்பு

வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில், குண்டு எவ்வளவு தூரம் போகும், எந்த மிருகத்தை வீழ்த்தும் என்பதே பேச்சாக இருக்கும். சுடுகிறவனுடைய தோளில் விழும் உதையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் வேடிக்கையிலே போய் முடியும். முதன்முதலாகச் சுட்டவன் மல்லாந்து விழுந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் குறி தவறுவதற்கும், அடிபட்ட மிருகம் சாகாமல் தப்பிப் புதருக்குள் கிடந்து மறுநாள் அவ்வழியே வருகிறவர்மீது பாய்வதற்கும் பல சமயங்களில் மூலகாரணமாக இருப்பது இந்த உதையே. இன்னும் சரியாகச் சொன்னால், உதையைவிட உதையைப் பற்றிய அச்சமே காரணமாகும்.

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் பத்திரிகையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர் சிலரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் தருவதைத் தனியே குறிப்பிடுகிறது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் உண்டென்றால் மிருகத்தைச் சுடவும் உரிமை உண்டென்று கொள்ளலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டுப் பன்றியாயினும் தக்க அதிகாரியின் உத்தரவின்றிச் சுடுதல் குற்றமாகும். கேரளத்தில் 2022 மே மாதம் முதல் உள்ளாட்சித் தலைவர்கள் அத்தகைய உத்தரவைப் பிறப்பிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் அங்கே பன்றி சுட அழைக்கப்படுகிறார்கள். அப்படி அழைக்கப்படுகிறவர் ஒரே வெடியில் காரியத்தை முடிக்க வேண்டியவர். கரும்புக்குள் காயத்துடன் புகுந்த பன்றி, மறுநாள் சோகை உரிக்க வருகிற பெண்களுக்கு யமன் என்பதைப் பயிரிடுவோருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

துப்பாக்கியின் உதை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு, ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய பிரெடரிக் செலூஸ் என்ற ஆங்கிலேயரின் வரலாறே சிறந்த சான்று. 1851-இல் பிறந்த இவர், பத்தொன்பதாம் வயதில் ஆப்பிரிக்காவில் போய் இறங்கினார். கையில் பணம் இல்லை. மலிவான விலைக்குக் கிடைத்த ‘நாலு போர்’ துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டார். ஒரு இராத்தல் ஈயத்தில் நான்கே குண்டு வார்த்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு பருமன் இருக்குமோ, அந்த அளவுக் குண்டு அது. கால் இராத்தல், அதாவது சுமார் 113 கிராம். துப்பாக்கியின் எடையோ 12½ இராத்தல்தான். அவ்வளவு பெரிய குண்டுக்கு இந்த எடை மிகவும் குறைவு. வெடி மருந்தை இடுப்பில் தொங்கும் தோற்பையிலிருந்து கையால் அள்ளிக் குழலில் இடுவது வழக்கம். இந்தத் துப்பாக்கிகளைக் கொண்டு 1872 முதல் 1874 வரை அவர் 78 யானைகளை வீழ்த்தினார்.

யானைத் தந்தம் அந்நாளில் வியாபாரச் சரக்கு. இன்று அவ்வேட்டையை ஒருவரும் புகழமாட்டார்கள், நாமும் புகழவில்லை. நமக்கு வேண்டியது அவர் பிற்பாடு எழுதி வைத்த ஒப்புதல். அந்தத் துப்பாக்கிகளின் கொடிய உதை தம் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. பின்னாளில் மெல்லிய உதையுள்ள நல்ல ரைபிள்கள் கைக்கு வந்த பிறகும் தம் குறியைப் பாதித்தது. அவற்றைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருந்தினார். மிருகத்துக்கு அஞ்சாதவர், தம் கையிலிருந்த துப்பாக்கிக்கு அஞ்சினார். அஞ்சியதை மறைக்காமல் எழுதியதால்தான் பிறகு வந்தவர்கள் பாடம் கற்றனர்.

இனி உதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காவிரியில் பரிசலிலிருந்து கரைக்குத் தாவியவர்கள் அறிவார்கள்: ஆள் முன்னே போனால் பரிசல் பின்னே போகும். குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே வந்தே தீரும். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி வரும் தொகையும், துப்பாக்கியின் எடையை அது பின்வாங்கும் வேகத்தால் பெருக்கி வரும் தொகையும் சமமாக இருக்க வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. இதில் பலர் மறந்துவிடுவது, வெடி மருந்து எரிந்து உண்டாகும் வாயுவும் குண்டோடு சேர்ந்து முன்னே பாய்கிறது என்பதை. அதற்கும் எடை உண்டு. குண்டைவிட அதிக வேகமும் உண்டு. ஆகவே கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். உலகில் மிகுதியாக வழங்கும் வேட்டை ரைபிள்களில் ஒன்று, அமெரிக்கச் சேனைக்காக 1906-இல் அமைந்த .30-06 தோட்டாவுக்குரியது. அதன் குண்டு 11.7 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 820 மீட்டர், மருந்து 3½ கிராமுக்குச் சிறிது மேல். 3.6 கிலோ எடையுள்ள ரைபிளில் இதைச் சுட்டால், துப்பாக்கி வினாடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். தோள் ஏற்க வேண்டிய சக்தி சுமார் 28 ஜூல். ஜூல் என்றால் பிடிபடாதவர்கள் இப்படி எண்ணிக்கொள்ளலாம்: ஒரு கிலோ எடைக் கல்லை ஆள் உயரத்துக்கும் மேலே, மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலிருந்து விட்டால் அது தரையில் விழும்போது கொண்டிருக்கும் சக்தி அது. பழகுவதற்கு உரிய .22 ரைபிளில் இது கால் ஜூல் அளவே. யானைக்கென்று செய்யப்பட்ட .577 இரட்டைக்குழல் ரைபிளில், அதன் எடை ஆறு கிலோவாக இருந்தும், 120 ஜூல் வரை போகும்.

நம் நாட்டில் பலரிடம் உள்ள பன்னிரண்டு போர் தோட்டாத் துப்பாக்கியை ‘சாதாரணம்’ என்று எண்ணுகிறவர்கள் இங்கே சிறிது நிற்க வேண்டும். 32 கிராம் சில்லு நிரப்பிய தோட்டாவை 3.2 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், தோளுக்கு வருவது 30 ஜூலுக்கு மேல். அதாவது மேற்சொன்ன பெரிய ரைபிளுக்கு இது சிறிதும் இளைத்ததன்று. பிள்ளைகளுக்கும் மெலிந்தவர்களுக்கும் முதன்முதலில் இதைக் கொடுத்துச் சுடச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது தவறு.

கணக்கிலிருந்து கிடைக்கும் ஒரு பயனை மட்டும் சொல்லி அப்பால் போவோம். தோட்டா ஒன்றாகவே இருக்க, துப்பாக்கியின் எடை குறைந்தால் உதை கூடும். மேற்சொன்ன .30-06 ரைபிளை 2.9 கிலோவாக இழைத்துவிட்டால் 28 ஜூல் 35 ஆகிவிடும். தூக்கி நடக்க இலகுவான துப்பாக்கி, சுடும்போது கடினமானது. ஒரு நாள் முழுதும் சுமந்து நடந்து ஒரு தடவை சுடுகிறவனுக்கு இலேசான துப்பாக்கி ஏற்கலாம். தோட்டத்துப் பரண்மீது அமர்ந்திருப்பவனுக்குப் பளுவான துப்பாக்கியே நன்று. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் எவ்வளவு? ஒரு வினாடியை ஆயிரம் பங்கு செய்தால் அதில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு. அந்த நேரத்துக்குள் ரைபிள் பின்வாங்கும் தூரம் 2 மில்லிமீட்டர் அளவே. மனித உடலோ, எதையேனும் உணர்ந்து அதற்கு எதிர்வினை செய்ய வினாடியில் ஆறில் ஒரு பங்காவது எடுத்துக்கொள்ளும். அதாவது, உதையைத் தோள் உணர்ந்து உடல் அசைவதற்குள் குண்டு குழலைவிட்டு நெடுந்தூரம் போய்விடுகிறது. ஆகையால் பிடியும் சார்வும் ஒரே சீராக இருக்கும்வரை, வாங்கிய உதைக்கு உடல் செய்யும் அசைவால் குறி கெடுவதற்கு வழியே இல்லை.

அப்படியானால் பலமாக உதைக்கும் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் குறி தவறுவது எதனால்? வரப்போகிற உதையை எண்ணி, விசையை இழுக்கும் அதே கணத்தில் உடல் முன்கூட்டியே துணுக்குறுகிறது. கண் மூடிக்கொள்ளும்; தோள் முன்னே தள்ளும்; இடக்கை குழலைக் கீழே அழுத்தும்; விரல் விசையை இழுக்காமல் வெடுக்கென்று பறிக்கும். பெரும்பாலும் குண்டு தாழ்ந்து போகும். துணுக்குறுகிறவருக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் இதில் உள்ள விபரீதம். வெடியின் ஓசையும் குலுக்கலும் அவருடைய அசைவை மறைத்துவிடுகின்றன. “துப்பாக்கியின் குறி சரியில்லை” என்று அவர் மெய்யாகவே நம்புவார்; குறிமுனையைத் திருத்தச் சொல்லி ஆசாரியிடம் கொண்டுபோவார்.

உண்மை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. வெற்றுத் தோட்டாக்கள் சிலவற்றை, மருந்தும் மூட்டும் இல்லாதவையாக, தனி நிறம் பூசி வைத்துக்கொள்ள வேண்டும். சுடுகிறவர் பாராதபடி நண்பர் ஒருவர் உண்மைத் தோட்டாவையோ வெற்றுத் தோட்டாவையோ இட்டுக் கையில் கொடுக்க வேண்டும். வெற்றுத் தோட்டாவுக்கு விசையை இழுக்கும்போது ஓசை இல்லை, உதை இல்லை. துப்பாக்கியின் முனை மட்டும் தலைகுனிந்து ஆடுவதைச் சுற்றி நிற்போர் அனைவரும் காண்பார்கள். சுடுகிறவரும் காண்பார். முதல் தடவை வெட்கமாக இருக்கும். இதையே வாரம் ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு தரம் செய்து வந்தால் துணுக்கம் தணிந்துவிடும். எது உண்மை, எது வெற்று என்று தெரியாத உடல் மெல்ல அடங்கக் கற்றுக்கொள்கிறது. இதைவிடச் சிறந்த மருந்து இல்லையென்றே நாம் கருதுகிறோம். எல்லாத் தோட்டாவையும் உண்மைத் தோட்டாவாகவே எண்ணி, குழலைப் பத்திரமான திசையில், பின்னே மண்மேடு உள்ள இடத்தில் வைத்தே இதைச் செய்ய வேண்டும்.

துணுக்கத்தின் மற்றொரு வேர் காதில் இருக்கிறது. தோளில் விழுவதைத்தான் அஞ்சுகிறோம் என்று பலர் எண்ணுகிறார்கள்; பாதி அச்சம் ஓசையைப் பற்றியது. ரைபிளின் வெடியோசை 150 டெசிபலைத் தாண்டுவது. பாதுகாப்பில்லாத காதுக்கு ஒரே வெடியும் நிலையான கேட்டை உண்டாக்கவல்லது. பழகும்போது காதடைப்பானும் அதன்மேல் செவிக்கவசமும் அணிந்து சுட்டுப் பார்த்தவர்கள், “இன்று துப்பாக்கி அவ்வளவாக உதைக்கவில்லையே” என்று வியப்பார்கள். துப்பாக்கி அன்றும் அதே அளவே உதைத்தது.

தோளுக்கு வருவோம். உதையின் அளவு ஒன்றே எனினும், அது எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதைப் பொறுத்து வலி மாறும். விசைத்தறியில் நாடா பெட்டிக்குள் பாய்ந்து வரும்போது அதைக் கட்டையில் நேரே மோதவிட்டால் துள்ளித் திரும்பும். அங்கே ஒரு தோல்வார் அதை ஏற்று, சிறிது இழுபட்டு, மெல்ல நிறுத்துகிறது. துப்பாக்கியின் அடிக்கட்டையில் பொருத்தும் ரப்பர் பட்டை செய்வதும் இதே வேலைதான். உதையின் நேரத்தைச் சிறிது நீட்டுகிறது. அகன்ற பரப்பில் பரப்புகிறது. பழைய நாளில் அடிக்கட்டைக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். தரையில் ஊன்றினால் மரம் தேயாமல் இருக்கும், தோளுக்குத்தான் கேடு. சேலம் மாவட்டமாக இருந்த அந்நாளில் அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்று, பின்னர் அவற்றைப் பற்றி நூல்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். 19 கிராமுக்கு மேற்பட்ட குண்டு. அடிக்கட்டையிலோ இரும்புத் தகடு. அந்த ரகத் துப்பாக்கி உதைக்குப் பெயர்போனது. தோட்டாவின் பலம் ஒரு பங்கென்றால், கட்டையின் அமைப்பு மற்றொரு பங்கு.

கட்டை சுடுகிறவரின் உடலுக்குப் பொருந்த வேண்டும். சட்டை தைப்பதற்கு அளவு எடுக்கும் நாம், துப்பாக்கிக்கு மட்டும் அளவு பார்ப்பதில்லை. அடிக்கட்டை மிகக் குட்டையாக இருந்தால், உதைக்கும்போது பிடித்த கையின் கட்டைவிரல் மூக்கில் வந்து இடிக்கும். மிக நீளமாக இருந்தால், தோளுக்கு ஏற்றும்போது அக்குளில் மாட்டிக்கொண்டு, கடைசியில் புஜத்தின்மேல் போய் நிற்கும். அங்கே விழும் உதைதான் நீலம் பாரிக்கச் செய்வது. கட்டை கன்னத்துக்கு மிகத் தாழ்ந்திருந்தால், துப்பாக்கி பின்னே வருவதோடு மேலேயும் எழும்பித் தாடையில் அறையும். தகப்பனார் துப்பாக்கியை மகன் எடுத்துச் சுடும் வீடுகளில் இந்தக் கோளாறு மிகுதி. நல்ல தச்சர் ஒருவர் அரை நாளில் சரிசெய்துவிடுவார்.

அடிக்கட்டை பதிய வேண்டிய இடம், காறையெலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உட்புறமாக, கையை முன்னே நீட்டினால் குழிவாகத் தெரியும் சதைப்பற்றான இடம். அங்கே இடைவெளியின்றி இறுகப் பதிக்க வேண்டும். உதைக்குமே என்று அஞ்சித் தோளைவிட்டு ஓர் அங்குலம் தள்ளிப் பிடிக்கிறவர்கள் தமக்குத் தாமே தீங்கு தேடுகிறார்கள். ஒட்டிப் பிடித்தால் துப்பாக்கியோடு உடலும் சேர்ந்து பின்வாங்கும். தள்ளிப் பிடித்தால் துப்பாக்கி தனியே வேகம் பெற்று வந்து அடிக்கும். முன்னது தள்ளுதல், பின்னது குத்துதல். கன்னமும் கட்டையில் உறுதியாகப் படிந்திருக்க வேண்டும். சற்றே விலகியிருக்கும் கன்னந்தான் அறை வாங்குவது.

நின்று சுடும்போது இடக்கால் முன்னே வைத்து, உடலின் பாரம் முன்காலில் இருக்கும்படி இடுப்புக்கு மேலே சிறிது முன்சாய வேண்டும். பின்னே சாய்ந்து வயிற்றைத் தள்ளி நிற்பது புதியவர்களின் வழக்கம். மல்லாந்து விழும் கதைகளெல்லாம் இதனால் வருபவை. நிற்கும் உடல் உதையோடு பின்வளைந்து அதை விழுங்கிவிடும். குப்புறப் படுத்துச் சுட்டால் உடலுக்குப் பின்னே போக இடம் இல்லாததால் முழு உதையும் தோளே ஏற்க வேண்டும். மேசையில் முழங்கை ஊன்றிச் சுடுவதும் அவ்வாறே. ஆதலால் பெருந்துப்பாக்கியின் குறியைச் சரிபார்க்க மேசையில் ஐந்தாறு வெடி சுட்டால் போதும். பழக்கத்துக்கு நின்றே சுட வேண்டும். குழலின் கீழ்க்கட்டையைக் கல்லிலோ பரணின் கம்பிலோ நேரே வைத்துச் சுட்டால் துப்பாக்கி துள்ளிக் குண்டு வேறிடம் போகும். நடுவே கையையோ மடித்த துண்டையோ வைக்க வேண்டும்.

தொலைநோக்கிக் குழல் பொருத்திய ரைபிளில் தனி அபாயம் ஒன்று உண்டு. கண்ணுக்கும் குழலுக்கும் இடையே 3 முதல் 3½ அங்குலம் விட்டிருக்க வேண்டும். அதற்குள் முகத்தை நெருக்கினால், உதைக்கும்போது குழலின் விளிம்பு புருவத்தைப் பிறைபோல வெட்டிவிடும். மேட்டை நோக்கிச் சுடும்போது தலை தானே முன்னே போவதால், மலைப்பக்கத்தில் இது எளிதில் நேரும். இரட்டைக்குழல் துப்பாக்கியில் மற்றொன்று: முதல் குழலின் உதையில் விரல் நழுவி இரண்டாம் விசையில் பட்டு இரு குழலும் அடுத்தடுத்து வெடித்துவிடுவது. பிடிக்கும் கை தளர்ந்திருப்பதே காரணம். வலக்கை பிடியை உறுதியாகப் பற்ற வேண்டும்; விரல் மட்டும் தளர்ந்து இயங்க வேண்டும்.

குழலின் வாயில் பக்கவாட்டுத் துளைகளுள்ள கருவி ஒன்றைத் திருகி, வாயு முன்னே பாயாமல் பக்கமாய்ப் பிரிந்து போகும்படி செய்வது இக்காலத்து ஏற்பாடு. முன்சொன்ன .30-06 கணக்கில் உதையின் மூன்றில் ஒரு பங்கு வாயுவால் வருவது. ஆகவே இக்கருவி உதையைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் ஓசை சுடுகிறவரையும் பக்கத்தில் இருப்பவரையும் நேரே தாக்கும். தோளுக்குக் கொடுத்த சலுகையைக் காதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் இதை நாம் சிபாரிசு செய்ய விரும்பவில்லை. நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வேட்டைக்காரர்கள் குழல்முனையில் ஓசையடக்கி பொருத்துகிறார்கள். அது இரண்டையும் குறைக்கும்.

அந்த நாடுகளைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. நார்வேயில் ரைபிள் கொண்டு பெருமிருகம் வேட்டையாட விரும்புகிறவர் ஆண்டுதோறும் குறிபார்க்கும் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சைக்கு முன் குறைந்தது 30 வெடி பழகியிருக்க வேண்டும். பிறகு 100 மீட்டர் தூரத்தில் கலைமான் உருவத்தின்மீது, 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டும் விழ வேண்டும். பின்லாந்தில் 75 மீட்டர் தூரத்தில் 23 சென்டிமீட்டர் வட்டம், நான்கு வெடி. தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து வேட்டையாடுகிறவருக்கும் இவ்விதி உண்டு. மிருகம் காயத்தோடு ஓடித் துன்புறலாகாது என்பதே இதன் நோக்கம். நம் பக்கத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்து, ஒரு நாள் இரவு திடீரென்று இறக்கப்படுகிறது. அப்போது அதன் உதை தோளுக்கும் மனத்துக்கும் புதிதாகத்தானே இருக்கும்?

உதைக்குப் பயந்து சிறிய தோட்டாவே போதும் என்று முடிவு கட்டிவிடலாகாது. ஆப்பிரிக்காவில் வால்டர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். பெரும்பாலானவற்றை, மானுக்கு உரியது என்று மற்றவர் எள்ளிய.275 ரைபிளால். செலூஸுக்கு நேர் எதிரான வரலாறு. உதை மென்மையானது, ஆதலின் துணுக்கம் இல்லை, ஆதலின் குண்டு எண்ணிய இடத்தில் விழுந்தது. ஆனால் யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்த பிறகே அவர் அப்படிச் சுட்டார். அந்த உழைப்பில்லாதவர்கள் அவரைப் பின்பற்றியதால் காயப்பட்ட மிருகங்களும் மாண்ட மனிதர்களும் மிகுந்தனர்; பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் பலவும் பெருமிருகங்களுக்கு .375-க்குக் குறைந்த ரைபிள் கூடாதென்று விதித்தன. மிருகத்துக்குத் தேவையான பலமும், சுடுகிறவர் துணுக்கமின்றித் தாங்கக்கூடிய பலமும் சந்திக்கும் இடத்தில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் சந்திக்கவில்லையென்றால் அவர் சுடாமல் இருப்பதே நலம், வேறொருவரை அழைக்கலாம்.

பழகும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். .22 ரைபிளிலோ காற்றுத் துப்பாக்கியிலோ தொடங்கி, விசையை மெல்ல அழுத்தும் பழக்கம் கைவந்த பிறகே பெரியதைத் தொட வேண்டும். பெருந்துப்பாக்கியில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வெடிக்கு மேல் வேண்டாம். தோள் வலி தொடங்கிய பிறகு சுடும் ஒவ்வொரு வெடியும் துணுக்கத்தையே கற்பிக்கும். வலியைப் பொறுப்பதை வீரமென்று எண்ணி முப்பது நாற்பது சுடுகிறவர்கள், முன்பு இல்லாத நோயை விலை கொடுத்து வாங்குகிறார்கள். வெறும் துப்பாக்கியில், தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துக்கொண்டு, குழலின்மேல் ஒரு காசை வைத்து அது விழாமல் விசையை இழுத்துப் பழகுவது செலவில்லாத பயிற்சி. கெட்டிக்கும் துப்பாக்கியில் இதைச் செய்வதானால் கேப்பு வைக்கும் முனையின்மேல் ஒரு தோல் துண்டை வைக்க வேண்டும். இல்லாவிடில் குதிரை விழுந்து முனை நசுங்கிப் போகும்.

கெட்டிக்கும் துப்பாக்கியைப் பற்றி இறுதியாக ஒன்று. தோட்டாவில் மருந்தின் அளவு தொழிற்சாலையில் நிர்ணயிக்கப்படுகிறது. இங்கே அதை நிர்ணயிப்பது நம் கை. செலூஸின் கையாள் ஒருவன், கேப்பு வெடிக்காமல் போன துப்பாக்கியில் ஏற்கெனவே மருந்தும் குண்டும் இருப்பதை மறந்து, மறுபடியும் கெட்டித்துக் கொடுத்துவிட்டான். அவர் விசையை இழுத்ததும் துப்பாக்கி அவரைத் தரையிலிருந்து தூக்கி முகங்குப்புற மணலில் எறிந்தது, தானும் அவர் தோளுக்கு மேலாகப் பறந்து பின்னே போய் விழுந்தது, கட்டை நொறுங்கிற்று. குழல் வெடிக்காதது அவர் ஆயுள் பலம். ஆகவே மருந்தைக் கையால் அள்ளலாகாது. உரிய அளவுக்கு வெட்டிய பித்தளைக் குப்பியாலேயே அளக்க வேண்டும். கெட்டிக்கும் கோலில் இரண்டு கோடுகள் கீறி வைத்துக்கொள்ள வேண்டும்: வெறுங்குழலில் கோல் இறங்கும் ஆழத்துக்கு ஒன்று, சரியாகக் கெட்டித்த பின் அது நிற்கும் இடத்துக்கு ஒன்று. கெட்டிக்குமுன் கோலை விட்டுப் பார்த்தால் உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கெட்டித்த பின் கோல் இரண்டாம் கோட்டுக்கு மேலே நின்றால் மருந்து மிகுந்திருக்கிறது, அல்லது குண்டு மருந்தின்மேல் போய்ப் படியாமல் நடுவே தங்கியிருக்கிறது. நடுவே தங்கிய குண்டு குழலைப் பிளக்கக்கூடியது. அந்த நிலையில் குதிரையைத் தொடாமல், கேப்பை எடுத்துவிட்டு, துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் பெற்ற கொல்லரிடம் கொண்டு போக வேண்டும்.